மூன்றரை லட்சம் கோடியைக் கனவில் எண்ண முடியாது

ராமானுஜனின் பிறந்தநாளான டிசம்பர் 22 வந்தால் போதும், திருவிடைமருதூர், கும்பகோணம் பக்கம் எந்தப் பள்ளி மேடையிலும் இதே பேச்சுதான். "ராமானுஜனுக்கு நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னாள். டாக்ஸி நம்பரைக் கேட்ட மாத்திரத்தில் 1729-ன் பெருமையைச் சொல்லிவிட்டார். எல்லாம் பிறவி வரம்!" பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். வரம் வாங்காத நமக்குக் கணக்கு எதற்கு என்றும் முடிவுகட்டிவிடுகிறார்கள். வருஷக்கணக்காக இதைக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை.

பிறவி வரமா? கார் என்பவர் எழுதிய சூத்திரத் தொகுப்பு 1903-ல் கைக்குக் கிடைத்ததும் ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்த்தவர் அவர்.

டாக்ஸிக் கதைக்கு வருவோம். 1729 என்பது 12, 1 இரண்டின் கனங்களின் கூட்டுத்தொகை. 10, 9 இரண்டின் கனங்களைக் கூட்டினாலும் அதுவே. 1657-லேயே பிரான்சில் ஃபிரெனிக்கிள் என்பவருக்கு இது தெரியும். ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது 1914-ல். அதற்கு முந்தைய ஆண்டே, மூன்று கனங்களைக் கூட்டி இன்னொரு கனம் பெறுவது பற்றி இந்தியக் கணிதக் கழக இதழில் கேள்வி போட்டிருக்கிறார். 3, 4, 5-ன் கனங்களைக் கூட்டினால் 6-ன் கனம் வருகிறதே, அந்த இனம். அவர் விட்டுச்சென்ற தாள் ஒன்றில் 791, 812 என்ற ஜோடி இருக்கிறது. கனங்களைக் கூட்டினால் 103,03,00,999. 1010-ன் கனத்துக்கு ஒன்றே ஒன்று குறைவு! இப்படித் துருவித் தேடியவருக்கு 1729 பழகிய முகம்.

கனவைப் பற்றி அவரே சொல்லியிருக்கலாம். ஆனால் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்தது விழித்திருந்தபோதுதான்.

பெரிய எண்ணொன்றைப் பார்ப்போம். 4-ஐ முழு எண்களின் கூட்டலாக 5 விதமாக எழுதலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. 199-ஐ? 36,46,07,24,32,125 விதம். மூன்றரை லட்சம் கோடிக்கும் மேல். 200 வரை இந்த விடைகளைக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை போட்டவர் மேஜர் மக்மஹோன். ராமானுஜன் அந்த அட்டவணையை ஊன்றிப் படித்தார். 4, 9, 14, 19 என்று ஐந்தைந்தாகத் தாவினால் விடைகள் 5, 30, 135, 490. எல்லாம் 5-ஆல் வகுபடுகின்றன. 24-ல் தொடங்கி இருபத்தைந்தாகத் தாவினால் 25-ஆலேயே வகுபடுகின்றன. 199 அந்த வரிசையில் எட்டாவது. அதன் விடை 25-ல் முடிவதைப் பாருங்கள். அட்டவணையைப் பார்த்துத்தான் கண்டுகொண்டதாக 1919-ல் வெளிவந்த கட்டுரையில் அவரே எழுதுகிறார். 5-க்கும், இதேபோல 7-ஆல் வகுபடும் வரிசைக்கும் நிரூபணமும் தருகிறார். தாயார் சொல்லிவிட்டால் நிரூபணம் எதற்கு?

200-க்கு விடை காண அவரும் கணித அறிஞர் ஹார்டியும் தங்கள் சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கூட்டினார்கள். பதின்மூன்று இலக்க விடை, மக்மஹோனுடையதிலிருந்து விலகியது வெறும் 0.004.

பிள்ளைகளுக்கு எட்டாத சமாசாரமல்ல இது. 5-ஐ 7 விதமாகக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். பிறகு 9-ஐ. இருபத்தெட்டில் நின்றுவிட்டால், விட்டுப்போன இரண்டை அவர்களே தேடட்டும்.