கந்தகக் கணக்கு மட்டும் போதாது

எரிமலை வெடித்த செய்தி வந்ததும் நம் துறையில் எழும் முதல் கேள்வி, எத்தனை டன் கந்தக டை ஆக்சைடு மேலே போனது என்பதுதான். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்தபோது அடுக்கு மண்டலத்தை எட்டியது ஏறத்தாழ 1.5 முதல் 2 கோடி டன். அடுத்த ஆண்டு புவியின் சராசரி வெப்பநிலை சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் இறங்கியது. குளிர்ச்சியை விளக்க அந்தக் கேள்வி போதும். ஓசோன் இழப்பை விளக்கப் போதாது.

சல்பேட் துளிகளின் பரப்பில் டைநைட்ரஜன் பென்டாக்சைடு நீருடன் வினைபுரிந்து நைட்ரிக் அமிலமாகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் குறைவதால் குளோரின் மோனாக்சைடு பெருகி ஓசோனை அழிக்கிறது. இந்தக் குளோரினைப் பெரும்பாலும் எரிமலை தருவதில்லை. வெடிப்புத் தூணில் எழும் ஹைட்ரஜன் குளோரைடின் பெரும்பகுதி நீரில் கரைந்து கீழேயே கழுவப்பட்டுவிடும். 1991-இல் வினைபுரிந்தது மனிதர் வெளியிட்ட குளோரோஃபுளோரோகார்பன்களின் குளோரின். தொழிற்புரட்சிக்கு முந்தைய வானில் இதே வெடிப்பு நிகழ்ந்திருந்தால் ஓசோன் சற்றுக் கூடியிருக்கும் என்றே மாதிரிகள் காட்டுகின்றன.

2022 ஜனவரி 15 அன்று டோங்காவின் ஹுங்கா கடலடி எரிமலை இன்னொரு பாடம் தந்தது. கந்தக டை ஆக்சைடு சுமார் 5 லட்சம் டன்தான். ஆனால் முகில் 57 கிலோமீட்டர் வரை எழுந்தது. அடுக்கு மண்டலத்தில் அதுவரை இருந்த நீராவியில் ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு இணையான அளவு, சுமார் 15 கோடி டன், புதிதாகச் சேர்ந்தது. ஹைட்ராக்சில் பெருகியதால் கந்தகம் விரைவாகச் சல்பேட்டானது. ஈரமான துளிகளின் மேல் குளோரின் வினைகள் முடுக்கம் பெற்றன. ரீயூனியன் தீவில் உடனடியாகப் பலூன்களை ஏவிய குழுவின் அளவீடுகளும் செயற்கைக்கோள் தரவுகளும், புகைமுகிலுக்குள் ஓசோன் ஒரே வாரத்தில் சுமார் 5 சதவீதம் குறைந்ததைக் காட்டின.

மாண்ட்ரியல் உடன்படிக்கையால் குளோரின் மெல்லக் குறைந்துவருகிறது. ஆகவே பினாட்டுபோவை வருங்கால வெடிப்புகளுக்கு அச்சாகக் கொள்ள முடியாது. எழும் உயரம், அட்சரேகை, நீராவி, ஆலசன்கள், அப்போதைய குளோரின் அளவு ஆகியவற்றைக் கந்தகத்துடன் சேர்த்தே ஆய்வுக் கட்டுரைகள் பதிவு செய்ய வேண்டும். முதல் வாரத்து வேதியியல் மறுமுறை அளக்கக் கிடைக்காது. ஓசோன், நீராவி அளவிகளையும் பலூன்களையும் ஏவத் தயார்நிலையில் வைத்திருக்க ஒவ்வொரு நிலையமும் நிரந்தர நிதி ஒதுக்க வேண்டும். வெடித்த பிறகு விண்ணப்பம் எழுதத் தொடங்கினால் அந்த வாரம் நம்மைக் கடந்துவிடும்.