என்ஜின் கெட்ட வண்டிக்கும் கிராக்கி!

இங்கிலாந்தில் ஒரு வீட்டு வாசல். அங்கே ஒரு பழைய வேன் நிற்கிறது. அதற்கு வயது 50. சாவியைத் திருப்பினால் இருமுகிறது, ஓட மறுக்கிறது. என்ஜின் கெட்டுவிட்டது. ஆனாலும் அதை விலை பேச ஆட்கள் வருகிறார்கள்!

சாதாரணக் கார் என்றால், இந்த நேரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் இது "கேம்பர் வேன்". அதாவது, சக்கரத்தில் ஓடும் சின்னஞ்சிறு வீடு. உள்ளே படுக்கை உண்டு. அடுப்பு உண்டு. பாத்திரம் கழுவத் தொட்டியும் உண்டு. விடுமுறை வந்தால் குடும்பத்தோடு ஏறிக் கிளம்பலாம். முகாம் போடும் இடத்தில் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, அதிலேயே தூங்கலாம். ஓட்டல் அறைக்குப் பணம் தரவேண்டியது இல்லை.

பிறந்த கதை

இந்த வண்டிகளில் பேர் பெற்றது, ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி செய்த வேன். ஹாலந்து நாட்டு வியாபாரி பென் பான் என்பவர், 1947-ம் ஆண்டில் ஒரு தாளில் அதன் படத்தைக் கிறுக்கிக் காட்டினார். 1950-ம் ஆண்டில் வண்டி வெளிவந்தது. அப்போது அதன் என்ஜினுக்கு 25 குதிரை சக்திதான். அடுத்த ஆண்டே, வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்துக் கொடுத்தது. ஓடும் வீடு பிறந்தது!

இந்தப் பழைய மாதிரி வேனைக் கடைசிவரை செய்துவந்த நாடு பிரேசில். புதிய பாதுகாப்புச் சட்டம் வந்ததால், 2013-ம் ஆண்டோடு அங்கும் நிறுத்திவிட்டார்கள். இனி இந்த வண்டி பிறக்காது. இருப்பதைத்தான் காப்பாற்றவேண்டும்.

கிழவனுக்குச் சலுகை

மோகத்துக்கு மற்றொரு காரணம், சட்டம்.

லண்டன் நகரில் புகையைக் குறைக்க ஒரு கட்டணம் வசூலிக்கிறார்கள். 2019-ம் ஆண்டில் நகரின் நடுப்பகுதியில் தொடங்கினார்கள். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டன் முழுவதற்கும் விரித்தார்கள். புகை விதிக்கு அடங்காத வண்டி, ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுன் கட்டவேண்டும். நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல்!

ஆனால் 40 வயது கடந்த வண்டியைச் "சரித்திர வண்டி" என்று பதிவு செய்யலாம். சொந்த உபயோகத்துக்கு மட்டும் ஓட்டினால், அதற்கு இந்தக் கட்டணம் இல்லை. சாலை வரியும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1975-ல் செய்த வண்டி சும்மா போகிறது. அதைவிடப் புதிதான 1995-ம் ஆண்டு வண்டி பணம் கட்டிவிட்டுப் போகிறது! கிழவனுக்குச் சலுகை, நடு வயதுக்காரனுக்குச் சுமை.

எது பெரிய செலவு?

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். சில ஆண்டுகளாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. நன்றாக ஓடும் வண்டியின் விலை எட்டவில்லை. என்ஜின் கெட்ட வண்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

"என்ஜின் கெட்டுவிட்டதே!" என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் பயப்படவேண்டியது துருவுக்கு!

பழைய மாதிரியின் என்ஜின் பின்பக்கம் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் தேவை இல்லை, ரேடியேட்டர் இல்லை. விசிறிக் காற்றே அதைக் குளிர வைக்கிறது. ஆதி வண்டிகளில், கியர் பெட்டியோடு அதைப் பிடித்திருப்பவை நான்கு பெரிய போல்ட்டுகள்தாம். தெரிந்த மெக்கானிக் சீக்கிரம் கழற்றிவிடுவார். உதிரிப் பாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

துரு அப்படி அல்ல. சக்கரத்தின் மேல் வளைவு, கதவின் கீழ்ப் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பாட்டரி வைக்கும் தட்டு - இவற்றைத் துரு தின்கிறது. கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்கப் பல நாள் வேலை பிடிக்கும். அந்த நாட்டில் கூலி அதிகம். பணம் கரைந்துவிடும்.

வாங்கும் முன்

ஒரு சிறு காந்தம் போதும். துருப்பிடித்த ஓட்டையைச் சிலர் பசை வைத்து அடைத்து, மேலே பெயிண்டு அடித்துவிடுவார்கள். நல்ல தகட்டில் காந்தம் ஒட்டும். பசையில் ஒட்டாது. குட்டு வெளிப்பட்டுவிடும்!

அடுத்தது என்ஜின். அது நின்றிருக்கும்போது, பின்னால் கீழே உள்ள பெல்ட்டுச் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளவேண்டும். "டக், டக்" என்று ஆடினால், உள்ளே பேரிங்கு தேய்ந்துவிட்டது. என்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டிவரும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து பார்க்கவேண்டும். பழைய மாதிரியில் மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று சரியாகப் போகாது. சூடு ஏறி அதன் வால்வு முதலில் கெடும்.

நெருப்பு ஜாக்கிரதை

2021-ம் ஆண்டு செப்டம்பர் முதல், பிரிட்டனில் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். குழாய் வெடித்தால், சூடான என்ஜின் மேல் பெட்ரோல் சொட்டும். எத்தனையோ வண்டிகள் இப்படி எரிந்து போயிருக்கின்றன. ஆகவே, வாங்கியதும் முதல் வேலை குழாய்களை மாற்றுவதே. எத்தனால் குறைந்த பெட்ரோலும் அங்கே கிடைக்கிறது. விலைதான் கொஞ்சம் கூடுதல்.

இன்னும் ஒன்று. 40 வயது கடந்து, பெரிய மாறுதல் செய்யாத வண்டிக்கு வருடாந்திரப் பரிசோதனை கட்டாயம் இல்லை. அதற்காக அலட்சியமாக இருக்கக்கூடாது. ஆபத்தான நிலையில் ஓட்டிப் பிடிபட்டால் 2,500 பவுன் வரை அபராதம் உண்டு. பழைய என்ஜினை எடுத்துவிட்டு, சம்பந்தம் இல்லாத வேறு என்ஜினை வைத்தால் பரிசோதனைச் சலுகையே போய்விடலாம்.

அந்தக் குடும்பம் வண்டியை வாங்கலாம். ஆனால் கையில் உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடக் கூடாது. பாதியையாவது ரிப்பேருக்கு ஒதுக்கி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓடும் வீடு ஓடாது. வாசலில் நின்றபடியே துருப்பிடிக்கும். அடுத்த கோடை விடுமுறையிலும் குழந்தைகள் அதன் ஜன்னல் வழியே எதிர்வீட்டைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்!