வெள்ளைச் சாமியும் கறுப்பு வேலைக்காரனும்

பண்டிகைன்னா சந்தோஷம், அதுல போய் என்னய்யா அரசியல் என்று கேட்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நெதர்லாந்தில் கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே ஒரு கிறிஸ்தவப் பண்டிகை வந்துவிடுகிறது. புனித நிக்கோலாஸ் திருநாள். அவரை சின்டர்கிளாஸ் என்கிறார்கள். நவம்பர் நடுவில் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்து இறங்குவார். வெள்ளைத் தாடி, சிவப்பு அங்கி, வெள்ளைக் குதிரை. பிள்ளைகள் ராத்திரி தங்கள் ஷூவில் குதிரைக்கென்று கேரட் வைத்தால் காலையில் மிட்டாய் இருக்கும். டிசம்பர் 5 ராத்திரி வீட்டுக்கு வீடு பரிசு மூட்டை, கேலிப் பாட்டு. கொண்டாடட்டும், யார் வேண்டாமென்றது?

ஆனால் சாமி தனியாக வருவதில்லை. கூடவே வேலைக்காரன். பேரு கறுப்புப் பீட். வெள்ளைக்காரர்கள் மூஞ்சியெல்லாம் கறுப்பு அப்பி, உதட்டைச் சிவப்பாகத் தடிக்க வரைந்து, சுருட்டை முடி மாட்டி, காதில் வளையம் தொங்கவிட்டுக் குட்டிக்கரணம் போடுவார்கள். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளையைச் சாக்கில் போட்டு ஸ்பெயினுக்குத் தூக்கிப் போய்விடுவான் என்ற பூச்சாண்டியும் இவன்தான். புனிதம் வெள்ளைக்கு, பயமும் இளிப்பும் கறுப்புக்கு.

கேட்டால், புகைபோக்கியில இறங்கினான், கரி ஒட்டிக்கிச்சு என்கிறார்கள். சரி. கரி உதட்டைத் தடிக்க வைக்குமா? முடியைச் சுருட்டுமா? காது குத்துமா?

ஆதிகாலத்து மரபு என்பார்கள். இந்த வேலைக்காரனைப் பரப்பியது யான் ஸ்கெங்க்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1850இல் போட்ட படப்புத்தகம். அன்றைக்கு சுரினாமில் டச்சுக்காரனின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி விடுதலை 1863இல்தான். நட்டஈடு அவர்களுக்கல்ல, ஆண்டைகளுக்கு: தலைக்கு 300 கில்டர். விடுதலையானவர்கள் மேலும் 10 வருஷம் கட்டாய ஒப்பந்தத்தில் உழைக்க வேண்டியிருந்தது. நமக்கும் இது தூரத்துக் கதையல்ல. 17ஆம் நூற்றாண்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும், பஞ்சத்தில் விலைபோன நம் சனங்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது.

2011இல் கறுப்புப் பீட் இனவெறி என்று எழுதிய சட்டை போட்டு நின்றதற்காக குவின்சி கேரியோவைப் போலீஸ் தரையில் தள்ளி இழுத்துப் போனது. 2017இல் போராடப் போனவர்களின் பேருந்துகளை ஃபிரீஸ்லாந்தில் நெடுஞ்சாலையிலேயே மறித்தார்கள். குழந்தைகள் பண்டிகையைக் கெடுக்காதே என்பதுதான் கூப்பாடு. எந்தக் குழந்தைகள்? இந்த உருவம் கறுப்புப் பிள்ளைகளைக் கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளாக்கக்கூடும் என்று 2016இல் அந்நாட்டுக் குழந்தைகள் உரிமை அதிகாரியே சொன்னார். அந்தப் பிள்ளைகள் உங்கள் குழந்தைகள் கணக்கில் வரமாட்டார்களா?

பீட் கறுப்புத்தான், பெயரிலேயே இருக்கிறதே என்று பேசிவந்த பிரதமர் ருட்டே, 2020இல் தன் பார்வை மாறிவிட்டது என்றார். அடிமை வணிகத்துக்காக 2022இல் அவரும் 2023இல் அரசரும் மன்னிப்புக் கேட்டார்கள். இதெல்லாம் கருணையில் வந்ததல்ல, தெருவில் நின்றவர்கள் வாங்கியது.

2019 முதல் தேசிய ஊர்வலத்தில் கன்னத்தில் கரித்தீற்றல் மட்டும்தான். பண்டிகை செத்தா போச்சு? கப்பல் வருகிறது, மிட்டாய் கிடைக்கிறது, பிள்ளைகள் பாடுகிறார்கள். அப்படியானால் இத்தனை வருஷமாக எதைக் காப்பாற்ற மல்லுக்கட்டினார்கள்? அடுத்தவன் முகத்தைப் பார்த்து இளிக்கிற உரிமையைத்தானே!