கொழும்பில் உட்கார ஓர் இடம்

2025 செப்டெம்பரில் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்புக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பால்புதுமையினரான வெளிநாட்டுப் பயணிகளை இங்கே வரவழைக்கும் திட்டத்துக்கு ஆதரவு தெரிவிக்கும் கடிதம் அது. கர்தினால் மெல்கம் ரஞ்சித் எதிர்த்தார். பௌத்த பிக்குகளும் எதிர்த்தார்கள். கலாசாரம் கெட்டுவிடும் என்ற பேச்சு வழமைபோல எழுந்தது. வெளிநாட்டவருக்குப் பயமில்லாத உணவகமும் மதுச்சாலையும் கொழும்பில் இருக்கவேண்டும் என்றால், அதே மேசையில் உட்கார வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த ஒருவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை மட்டும் இரு தரப்பிலும் அதிகம் பேர் கேட்கவில்லை.

பால்புதுமையினருக்கென்று பெயர்ப்பலகை போட்ட மதுச்சாலை கொழும்பில் கிடையாது. இருப்பவை, யாரும் முறைத்துப் பார்க்காத சில இடங்கள்தான். இரண்டு ஆண்கள் நெருக்கமாக அமர்ந்து பேசினால் பில்லை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்காத பரிமாறுநர், திருநங்கை ஒருவரை வாசலில் மறிக்காத காவலாளி, இவ்வளவுதான் அந்த 'நட்பு'. முகாமையாளர் மாறினால் அதுவும் மாறிவிடும். ஆகவே எந்த இடம் பாதுகாப்பானது என்பது வாய்மொழியாகத்தான் பரவுகிறது. கைப்பேசிச் செயலிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் அறிமுகமாகி நேரில் சந்தித்ததும் பணம் கேட்டு மிரட்டப்பட்ட சம்பவங்களை மனித உரிமை அமைப்புகள் பதிவுசெய்துள்ளன. இந்தக் கட்டுரையில் நான் எந்தக் கடையின் பெயரையும் எழுதாததற்குக் காரணமும் இதுவே. பெயர் அச்சில் வந்தால், வாடிக்கையாளருக்கு முன்னர் பொலிஸ் வந்துவிடக்கூடும்.

பொலிஸாரின் கையில் இருப்பது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. அதன் 365ஆம் பிரிவும் 365அ பிரிவும் பிரித்தானியர் விட்டுச்சென்றவை. 365அ, பகிரங்கத்தில் மட்டுமல்ல, தனியிடத்தில் நடப்பதையும் குற்றமாக்குகிறது. தண்டனை இரண்டு ஆண்டுவரை சிறை. 1995இல் இதைத் திருத்தியபோது 'ஆண்' என்ற சொல்லை நீக்கி 'ஆள்' என்று மாற்றினார்கள். அதுவரை தப்பியிருந்த பெண்களும் உள்ளே வந்தார்கள். திருத்தம் என்றால் நமது நாட்டில் சிலவேளை இப்படித்தான். 2022இல் ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் குழு, ரொசானா பிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில் இந்தச் சட்டம் அவரது உரிமைகளை மீறுகிறது என்று முடிவுசெய்தது. 2023 மே மாதம், இதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றமும் கூறியது. பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த அந்தச் சட்டமூலம் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதோடு காலாவதியானது.

சட்டம் எல்லோருக்கும் ஒன்று. ஆனால் அது தரும் பயம் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. கிளிநொச்சி முகவரியுள்ள அடையாள அட்டையோடு கொழும்பில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு மதுச்சாலை வாசலில் பொலிஸ் நின்றால், சிங்கள நண்பருக்கு இருக்கும் கேள்வி ஒன்று, இவருக்கு இருப்பது இரண்டு. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. கொழும்பில் ஏன் நிற்கிறாய் என்று கேட்டால் தக்க காரணம் சொல்லவேண்டும் என்ற பழக்கம் நமக்கு அப்போதே ஊறிவிட்டது. 'நண்பரைச் சந்திக்க வந்தேன்' என்பது அன்று போதிய காரணமாக இருக்கவில்லை. இந்த இளைஞருக்கு இன்றும் அது போதாது.

அப்படியானால் வெள்ளவத்தையில், நம்மவர் நடத்தும் கடைகளில் உட்காரலாமே என்று தோன்றும். மொழி நம்முடையது, விலையும் தாங்கும். ஆனால் பக்கத்து மேசையில் சித்தியின் அயல்வீட்டுக்காரர் இருப்பார். இரவு உணவு முடியுமுன் செய்தி வாட்ஸ்அப்பில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் போய்விடும். யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் கொழும்பு 7 பக்கம் போகவேண்டும். அங்கே மெனு ஆங்கிலத்தில் இருக்கும். விலையோடு 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் சேரும். ஆங்கிலமும் பணமும் உள்ளவருக்குத் தலைமறைவு கிடைக்கிறது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் முல்லைத்தீவுப் பெண்ணுக்குக் கடற்கரைக் கல்தான் மிச்சம். பெண்ணின் கதை இன்னும் சிக்கல். பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டின் விதியை 2018 ஜனவரியில் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன அதை மீளக் கொண்டுவரச் சொன்னார்.

திருநர்களுக்கு அடையாள அட்டை வேறொரு சுவர். 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று ஆவணங்களை மாற்ற வழி உண்டு. அந்த வழியை முடிக்காதவர் லொட்ஜில் அறை கேட்டால், அட்டையில் ஒரு பெயரும் முன்னால் வேறொருவரும் நிற்பதாகவே வரவேற்பாளர் பார்ப்பார். ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவு திருநர்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டதும் பதிவாகியிருக்கிறது.

போரில் எல்லாம் இழந்தவர்களுக்கு பார் பற்றிய பேச்சா என்று சிலர் கேட்பார்கள். கடையில் யார் உட்காரலாம் என்பது நமக்குச் சின்ன விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரை வெளியே நிறுத்தி, தனிப் பேணியிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், உள்ளே போய் அமர 1960களில் போராட வேண்டியிருந்தது. அன்றும் கலாசாரம் என்றுதான் சொன்னார்கள்.

அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள் என்று பெயர் சொல்லியே பேசுகிறது. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக எவரையும் அங்கே தடுக்கக்கூடாது. பாலியல் நாட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. அது பொதுவான சமத்துவத்துக்குள் அடங்கும் என்று 2014இல் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் அரசாங்கம் சொன்னது. 365அ சட்டக்கோவையில் இருக்கும்வரை எந்த உணவக உரிமையாளரும் அந்தப் பதிலை நம்பிக் கதவைத் திறந்து வைக்கமாட்டார். தொலவத்தவின் சட்டமூலம் போன்ற ஒன்று மறுபடி வரும்போது எந்தப் பக்கம் வாக்களிப்பார்கள் என்று வடக்கு, கிழக்குப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் இப்போதே கேட்கலாம்.