பூட்டிய கதவும் சட்டம் பயில்வோரும்

சட்டத்தை ஏட்டில் எழுதி வைத்துவிட்டால் அறம் தானே நடந்துவிடும் என்று நம்புவோர் இன்றும் உளர். எழுதிய சட்டத்தை எளியவன் வாயில்வரை கொண்டு சேர்ப்பார் இல்லையேல், அது பேழைக்குள் கிடக்கும் வாளேயாகும். அமெரிக்க ஒன்றிய நாடுகளின் குடியிருப்புச் சட்டம் இதற்குத் தக்க சான்று.

சிக்காகோ நகரைப் பார்ப்போம். கருப்பினத்தார்க்கு வீட்டை விற்பதில்லை, குடிக்கூலிக்கும் விடுவதில்லை என்று வெள்ளையர் தமக்குள் உடன்படிக்கை எழுதிப் பதிவும் செய்து வைத்திருந்த ஊர் அது. 1937இல் கார்ல் ஆன்சுபெரி என்னும் கருப்பினத்தார் அத்தகைய பகுதியில் வீடு வாங்கினார். மாநில முறைமன்றங்கள் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 1940இல் ஒன்றிய உச்ச முறைமன்றத்தில் அவர் வென்றார். ஆயினும் அவ்வுடன்படிக்கைகள் அறவே செல்லுமா என்னும் வினாவை அத்தீர்ப்புத் தொடவேயில்லை. அவற்றை முறைமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்பது 1948இல்தான் முடிவாயிற்று. 1966இல் அதே நகரில், வீட்டுரிமை கேட்டு ஊர்வலம் சென்ற மார்ட்டின் லூதர் கிங்கின் தலையைக் கல் தாக்கியது. 1968 ஏப்பிரல் 4இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழு நாள் கழித்து, குடியிருப்பில் இனவேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் ஒப்பம் பெற்றது. என்ன விலை கொடுத்துப் பெற்ற சட்டம் பாருங்கள்!

அதன்பின் கல்லெறிந்தவர்கள் பொய் சொல்லக் கற்றனர். "வீடு நேற்றே போய்விட்டதே" என்று இன்சொல்லால் மறுப்பவனை யார் என்ன செய்ய முடியும்? தமக்குத் தீங்கு நேர்ந்தது என்பதே கேட்டவர்க்குத் தெரிவதில்லை. தெரிந்தாலும் வழக்குரைஞர்க்குக் கொடுக்கப் பணம் ஏது?

இவ்விடத்தில்தான் சட்ட மாணவர் வருகின்றனர். மருத்துவம் பயில்வோன் நோயாளியின் கைந்நாடி பிடித்துப் பயில்வதுபோல், வழக்குடையாரின் துன்பத்தை நேரிற் கேட்டுச் சட்டம் பயிலும் உதவிக்கூடங்களை அந்நாட்டுக் கல்லூரிகள் நடத்துகின்றன. சிக்காகோவில் சான் மார்சல் சட்டக் கல்லூரி, குடியிருப்பு உரிமைக்கென்றே 1990களில் அத்தகைய கூடமொன்றைத் தொடங்கியது. இலினாய் மாநில உச்ச முறைமன்றத்தின் 711ஆம் நெறிப்படி, மேல்வகுப்பு மாணவர் தேர்ந்த வழக்குரைஞரின் மேற்பார்வையில் மன்றத்திலேயே எழுந்து வழக்குரைக்கலாம். அரசுத் துறையில் முறையிட ஓராண்டும் மன்றத்தில் வழக்கிட ஈராண்டுமே காலம். ஆதலால் நாள் கணக்கைத் தவறவிடாமையே மாணவன் கற்கும் முதற்பாடம்.

பொய்யை மெய்ப்பிக்கும் வழி எளியது. வருவாயும் தொழிலும் ஒத்தவராகக் கூறிக்கொள்ளும் இருவர், ஒருவர் கருப்பினத்தவர், மற்றவர் வெள்ளையர், ஒரே வீட்டைத் தனித்தனியே சென்று கேட்பர். முன்னவரிடம் இல்லையென்றது பின்னவரிடம் இருக்கிறதென்றால் கள்ளம் வெளிப்படும். இவ்வாறு ஆய்வுக்குச் சென்றவரும் வழக்கிடலாமா என்னும் கேள்விக்கு 1982இல் ஏவன்சு வழக்கில் உச்ச முறைமன்றம் விடை சொன்னது: பொய் கேட்ட கருப்பினத்தவர் வழக்கிடலாம், மெய் கேட்ட வெள்ளையருக்கு அவ்வுரிமை இல்லை. வீடு தேவையில்லாதவருக்கும் உண்மையைக் கேட்கும் உரிமை உண்டு என்பதே இதன் பொருள்.

மொழிப்பற்றுடைய நாம் கருதவேண்டிய செய்தி இன்னொன்று. சான் பாவ் என்னும் கருப்பின மொழியறிஞர், ஒருவரே மூவகை ஒலிப்பில் தொலைபேசியிற் பேசி வீடு கேட்டுப் பார்த்தார். அம்முடிவுகள் 1999இல் வெளிவந்தன. வெள்ளையர் மிகுந்த பகுதிகளில், கருப்பினத்தார் போலவும் மெக்சிக்க வழியினர் போலவும் பேசியபோது வீடு காட்ட இசைந்தோர் மிகக் குறைவு. முகம் காணுமுன்பே நாவைக் கொண்டு கதவடைத்தார்கள்! தாய்மொழியின் சாயல் குரலில் இருப்பதும் ஒரு குற்றமா?

சாதி கேட்டும் சமயம் கேட்டும் வீடு மறுக்கும் தெருக்களை நாமும் அறிவோம். அங்கே மாணவன் கையில் கருவியாக ஒரு சட்டமாவது இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவோ கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று எண்ணிச் சொல்கிறது; குடிக்கூலிக்கு விடும் வீட்டை அது சொல்லவில்லை.