உண்ணியைப் பகிடியாக எடுக்க வேண்டாம்

போன இதழில் குளிர்கால உடுப்புகளைப் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை உண்ணி. மாட்டிலும் நாயிலும் பிடிக்கிற உண்ணிதானே, அதற்கு ஒரு பக்கமா என்று சிலர் கேட்கக்கூடும். ஊரில் அதைப் பிடுங்கிக் கல்லில் நசுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தோம். ஒன்ராறியோவில் அப்படி விட முடியாது.

வேலைத்தலங்களில் எங்களோடு நிற்கிற வெள்ளைக்காரர் சிலர் ஐப்பசி, கார்த்திகை வந்தால் காட்டுக்குப் பொறி வைக்கப் போவார்கள். றக்கூன், பீவர், மஸ்க்றற் என்கிற நீரெலி, இவற்றின் தோலுக்கும் உரோமத்துக்கும்தான் பொறி. எங்கள் இளைஞர் சிலரும் சனி ஞாயிறுகளில் அவர்களோடு கூடப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். வன்னியில் முயலுக்குக் கண்ணி வைத்த கைகளுக்கு இந்த வேலை ஒன்றும் புதிதல்ல. ஆனால் இங்கே அதற்கென ஒரு படிப்பை முடித்து அனுமதிப்பத்திரம் எடுத்த பிறகுதான் பொறி வைக்கலாம். அது தனிக் கதை, பிறகு எழுதுவோம்.

பொறி வைப்பவர் பாதையால் நடப்பதில்லை. வாய்க்கால் ஓரத்துப் புல்லில் முழங்காலில் இருந்து பொறியைப் பூட்டுவார். அகப்பட்ட விலங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். செத்த உடம்பு குளிரக் குளிர அதிலிருக்கிற உண்ணி இறங்கி அடுத்த சூட்டைத் தேடும். அந்தச் சூடு தூக்கி வருகிறவரின் கழுத்தாக இருக்கலாம். குளிர் வந்தால் பூச்சி புழு எல்லாம் செத்துவிடும் என்று எங்கள் ஆட்கள் நினைப்பதும் பிழை. கருங்கால் உண்ணி என்கிற இனத்தில் வளர்ந்தவை அதிகம் நடமாடுவதே இலையுதிர் காலத்திலும் பனி கரையும் காலத்திலும்தான். வெப்பம் 4 பாகைக்கு மேல் ஏறினால் மார்கழியிலும் எழும்பி வரும்.

இந்த உண்ணி கொண்டுவருகிற வருத்தத்துக்கு லைம் என்று பெயர். தேசிக்காய்க்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அமெரிக்காவில் கனெற்றிக்கட் மாநிலத்தில் உள்ள ஊரின் பெயர் அது. 1975இல் அந்த வட்டாரத்தில் பல பிள்ளைகளுக்கு முழங்கால் வீங்கியது. பொலி மறே என்ற தாய் விடாமல் குறிப்பெழுதி, அதிகாரிகளின் கதவைத் தட்டியதால்தான் ஆராய்ச்சி தொடங்கியது. 1982இல் வில்லி பேர்க்டோர்ஃபர் என்ற விஞ்ஞானியின் பெயரோடு கிருமி வெளியே தெரிந்தது. கனடாவில் கணக்கெடுக்கத் தொடங்கிய 2009இல் 144 பேருக்கு இருந்த வருத்தம் 2017இல் 2,025 பேருக்கு வந்தது. குளிர் குறையக் குறைய உண்ணி வடக்கே ஏறுகிறது. ஸ்காபரோவில் நாங்கள் சோறு கட்டிக்கொண்டு போய் இருக்கிற றூஜ் பள்ளத்தாக்கிலும் அது உண்டு. ஆகவே பொறி வைக்காதவர்களும் இதை வாசிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் சொல்கிற உண்ணிக் காய்ச்சல் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வீட்டில் காய்ச்சல் குளிசையோடு படுத்திருக்க வேண்டாம்.

வளர்ந்த உண்ணி எள்ளளவுதான். வைகாசி, ஆனியில் வருகிற குஞ்சு கடுகளவும் இல்லை. கடிக்கும்போது நோகாது. கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள் அந்த இடத்தில் ஒரு தடிப்பு வந்து வட்டமாகப் பரவும். எல்லோருக்கும் வராது. துண்டுப்பிரசுரங்களில் சிவப்பு வட்டம் ஒன்றைப் படமாகப் போட்டிருப்பார்கள். அது வெள்ளைத் தோலில் எடுத்த படம். எங்கள் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல், அடிபட்டுக் கண்டின மாதிரிக் கபிலமாகவோ ஊதாவாகவோ இருக்கலாம். எங்கேயோ இடித்துவிட்டது என்று விட்டுவிடுவோம். சில வைத்தியர்களும் கவனிக்காமல் விடுவார்கள்.

எங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த வருத்தத்தின் குணங்கள் அலுப்பு, தலையிடி, மூட்டு நோ. மெசினடியில் பத்து மணித்தியாலம் நிற்கிற ஆளுக்கு இவை எந்த நாளும் உள்ளவைதானே. வேலை அலுப்பென்று நினைத்துச் சித்தாலேபை பூசிவிட்டு அடுத்த நாள் வேலைக்குப் போய்விடுவார். வைத்தியம் செய்யாமல் விட்டால் முகம் ஒரு பக்கம் கோணலாம், இருதயத் துடிப்புக் குழம்பலாம், மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கலாம். வேளைக்குப் பிடித்தால் இரண்டு மூன்று கிழமை குளிசையோடு பெரும்பாலும் மாறிவிடும்.

காட்டுக்குப் போனால் நீளக் கைச் சட்டை போட்டு, காற்சட்டை நுனியை மேசுக்குள் விடுங்கள். தோலுரிப்பவர்கள் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. முயலிலும் நீரெலியிலும் பீவரிலும் இருக்கக்கூடிய ருலறீமியா என்ற காய்ச்சல் கைக்காயத்தாலும் ஏறும், உண்ணியாலும் ஏறும். கறிக்கென்று கொண்டுவந்தால் நன்றாக அவிய வேண்டும். வீடு வந்ததும் உடுப்பைக் காயவைக்கும் மெசினில் பத்து நிமிடம் கடும் சூட்டில் போடுங்கள். குளித்துவிட்டு அக்குள், கவட்டு, தொப்புள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். தலைமயிருக்குள் மனைவியோ கூட இருப்பவரோ பார்க்கட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

உண்ணி ஏறியிருந்தால் நுனி மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே மேலே இழுங்கள். நெருப்புக் குச்சி, மண்ணெண்ணெய், வசலின் ஒன்றும் வேண்டாம். அதைச் சீண்டினால் கிருமியை உள்ளே கக்கிவிடும். எடுத்த உண்ணியைச் சிறு போத்தலில் போட்டு, திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். லைம் கிருமி உடம்புக்குள் ஏறப் பெரும்பாலும் 24 மணித்தியாலம் எடுக்கும். பவாசன் என்ற வைரசோ சில நிமிடங்களில் ஏறிவிடும். 1958இல் ஒன்ராறியோவின் பவாசன் ஊர்ப் பையன் ஒருவன் இறந்தபோதுதான் அது தெரியவந்தது. மிக அரிது, ஆனால் மருந்தில்லை.

24 மணித்தியாலம் ஒட்டியிருந்த உண்ணியை எடுத்து 72 மணித்தியாலத்துக்குள் போனால், வருமுன் தடுக்க ஒரே ஒரு தடவை மருந்து கொடுப்பார்கள். இதற்கு வைத்தியரிடம் நேரம் கேட்டுக் காத்திருக்கவும் தேவையில்லை. 2023 தையிலிருந்து ஒன்ராறியோவில் பாமசி மருந்தாளரே இதை எழுதித் தரலாம். ஹெல்த் காட்டையும் போத்தலையும் கொண்டுபோங்கள். பார்ப்பதற்குக் காசில்லை, மருந்துக்குச் செலவு வரலாம்.

தடிப்பு வந்த பிறகு போனால் வைத்தியரிடம்தான் போக வேண்டும். முதல் கிழமைகளில் இரத்தப் பரிசோதனை ஒன்றும் காட்டாமல் விடலாம். அதனால் நீங்கள் சொல்கிற கதைதான் அவருக்கு வழிகாட்டி. மேசைக்கு முன்னால் இருந்து "பெயின், பெயின்" என்று மட்டும் சொன்னால் தைலினோல் எழுதி அனுப்பிவிடுவார். ஆங்கிலம் வராதவர்கள் இதை ஒரு துண்டில் எழுதிப் பாடமாக்குங்கள்: "ஐ வோஸ் இன் த புஷ். எ ரிக் பிற் மீ." அதன் பிறகு கலண்டரில் குறித்த திகதியைச் சொல்லுங்கள்.