வயலுக்கு வேண்டும், பந்திக்கு வேண்டாம்

இத்தாலியின் வடக்கே, மிலான் நகருக்குப் பக்கத்தில் லோதி என்றொரு ஊர். அங்கே பள்ளியில் மதிய உணவுக்குக் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. லெகா கட்சி மேயரின் நிர்வாகம் அதில் ஒரு விதியைச் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்த பெற்றோர்கள், சொந்த நாட்டில் தங்களுக்கு வீடோ நிலமோ இல்லை என்று அந்த நாட்டிலிருந்தே சான்றிதழ் வாங்கி வர வேண்டும். பல நாடுகளில் அப்படி ஒரு சான்றிதழ் கொடுக்கும் அலுவலகமே கிடையாது. 2018இல் பள்ளி திறந்தபோது சுமார் 200 பிள்ளைகள் சலுகையை இழந்தார்கள். முழுக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் ரொட்டி கட்டிக்கொண்டு வந்து, வகுப்புத் தோழர்களை விட்டுத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தனிப் பந்தி. இந்த அறை நமக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் பிள்ளை தள்ளி உட்கார வேண்டும் என்று அந்த விதியில் ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு காகிதம்தான் கேட்டார்கள். சாதி என்ற சொல்லை வாயிலெடுக்காமலேயே சாதியை நடத்தும் வித்தையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இத்தாலியில் நடப்பதைப் படிக்க நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. "ஐரோப்பாவில் நடப்பதற்கும் நமக்கும் என்ன?" என்று கேட்கும் தோழர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

லோதியில் அது நடந்தபோது ரோமில் ஆட்சியில் இருந்தது யார்? 2018 மார்ச் 4 தேர்தலில் ஐந்து நட்சத்திர இயக்கம் சுமார் 32 விழுக்காடு வாக்குகளோடு முதலிடம் பிடித்தது. லெகா சுமார் 17 விழுக்காடு பெற்றது. இரண்டும் சேர்ந்து 'ஒப்பந்தம்' ஒன்று போட்டுக்கொண்டு, சட்டப் பேராசிரியர் ஜுசெப்பே கோன்தேயைப் பிரதமராக்கி, ஜூன் 1 அன்று பதவியேற்றன. லெகாவின் மத்தேயோ சல்வீனி உள்துறை அமைச்சர். ஐந்து நட்சத்திரத்தின் லூயிஜி தி மாயோ தொழிலாளர் துறை அமைச்சர். இது 'மக்களின் அரசு' என்றார்கள். எந்த மக்கள் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது.

ஜூன் 2. விசென்சா நகரில் பேசிய சல்வீனி, சட்டவிரோதக் குடியேறிகளின் சொகுசு முடிந்தது, மூட்டை கட்டத் தயாராகுங்கள் என்றார். அந்தச் 'சொகுசு' எப்படியிருந்தது? தெற்கே கலாபிரியாவில் ஆரஞ்சு பறிக்கும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் சான் பெர்தினாந்தோவில் பிளாஸ்டிக்கும் பலகையும் வைத்துக் கட்டிய குடிசைகளில் கிடந்தார்கள். அந்த ஜனவரியில்தான் அங்கே தீப்பிடித்து நைஜீரியாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் கருகிச் செத்திருந்தார். சல்வீனி பேசிய அதே நாளில், குடிசைக்குத் தகரம் எடுக்கப் பாழடைந்த ஆலை ஒன்றுக்குப் போன மூன்று பேரைத் தூரத்தில் நின்று ஒருவன் சுட்டான். சுமைலா சாக்கோ இறந்தார். வயது 29. மாலி நாட்டவர். வயல் தொழிலாளர்களுக்காக நின்ற தொழிற்சங்கச் செயல்பாட்டாளர். முறையான குடியிருப்பு அனுமதி பெற்றவர்.

அமைச்சரின் பேச்சைக் கேட்டுத்தான் சுட்டான் என்று நாங்கள் சொல்லவில்லை. அமைச்சர் வர்ணித்த சொகுசும் சாக்கோ தேடிப்போன தகரமும் ஒரே நாட்டில், ஒரே நாளில் இருந்தன என்கிறோம்.

அடுத்த வாரமே, கடலில் மீட்கப்பட்ட 600க்கும் மேற்பட்டவர்களோடு வந்த அக்வாரியஸ் கப்பலுக்குத் துறைமுகம் மறுக்கப்பட்டது. அது ஸ்பெயினின் வலென்சியா வரை அலைய வேண்டியிருந்தது. ஜூன் 18 அன்று சல்வீனி ரோமா மக்களைத் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்றார். இத்தாலியக் குடியுரிமை உள்ள ரோமாக்களை, துரதிர்ஷ்டவசமாக, வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றும் சொன்னார். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழும் சொந்தக் குடிமக்களைப் பற்றிய பேச்சு இது. 'அந்நியர் எதிர்ப்பு' என்ற பெயரே பொய். யாரை அந்நியராக்குவது என்பதை முடிவு செய்யும் அதிகாரம் அது.

லெகாவின் பழைய கதையையும் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கு லீக் என்ற பெயரில் உம்பெர்த்தோ போஸ்ஸி தொடங்கியபோது அந்தக் கட்சியின் 'அந்நியர்' ஆப்பிரிக்கர் மட்டுமல்ல, தென் இத்தாலியரும்தான். வடக்கில் தெற்கத்தியரை இழிவாக அழைக்கும் சொல் 'தெரோனி'. மண் என்ற சொல்லிலிருந்து வந்தது. மண்ணில் உழைப்பவனின் உழைப்பே வசவாகிற கதை நமக்குப் புதிதா? நேப்பிள்ஸ் மக்கள் நாறுகிறார்கள் என்று கட்சிக் கூட்டத்தில் சல்வீனி பாடியது 2009இல் காணொளியாகவே வெளிவந்தது. அதே சல்வீனி 2018இல் தேர்தல் சின்னத்திலிருந்து 'வடக்கு' என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தெற்கில் ஓட்டுக் கேட்டார். கலாபிரியாவில் செனட்டராகவும் தேர்வானார்.

நாறுகிறவர்கள் என்று ஏசப்பட்டவர்கள் ஏசியவருக்கு ஏன் ஓட்டுப் போட்டார்கள்? அண்ணல் அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். படிநிலைச் சமத்துவமின்மை. மேலே இருப்பவன் மிதித்தாலும், நமக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்ற நினைப்பு ஏணியைக் காப்பாற்றுகிறது. தெற்கத்தியருக்கு லெகா கொடுத்தது வேலையோ மருத்துவமனையோ அல்ல. கீழே ஒரு படி.

அந்த மக்களின் கோபம் பொய்யானதல்ல. 2008 நெருக்கடிக்குப் பிறகு வேலையின்மை, தற்காலிக ஒப்பந்தம், 2011இல் ஓய்வூதியத்தில் விழுந்த வெட்டு எல்லாம் உண்மை. அதற்குக் காரணமானவர்கள் மேலே இருந்தார்கள். கோபம் மட்டும் கீழே திருப்பிவிடப்பட்டது.

எங்கள் கோபம் லெகாவைவிட ஐந்து நட்சத்திரத்தின் மீதுதான் அதிகம். லெகா தன்னை ஒளித்துக்கொள்ளவில்லை. 'நாங்கள் இடதும் இல்லை, வலதும் இல்லை. ஊழலை ஒழிப்போம், ஏழைக்குப் பணம் கொடுப்போம்' என்று சொன்னவர்கள்தான் லெகாவுக்குத் தோள் கொடுத்தார்கள். 2018 இறுதியில் வந்த பாதுகாப்புச் சட்டத்துக்கு நாடாளுமன்றத்தில் கை தூக்கினார்கள். அது மனிதாபிமான அடிப்படையில் கிடைத்துவந்த பாதுகாப்பை ஒழித்தது. புகலிடம் கேட்பவர்கள் குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் சேர்க்க முடியாதபடி செய்தது. முறையாக இருந்தவர்களின் காகிதத்தைப் பிடுங்கிச் சட்டவிரோதிகளாக்கிவிட்டு, 'பாருங்கள், எவ்வளவு சட்டவிரோதிகள்!' என்று கூச்சல் போட்டார்கள். தங்கள் நாட்டுக் கடலோரக் காவல்படையின் திச்சோத்தி கப்பலிலேயே 177 பேரைப் பல நாள் இறங்கவிடாமல் வைத்ததற்காகச் சல்வீனி மீது வழக்கு நடத்த அனுமதி கேட்கப்பட்டது. ஐந்து நட்சத்திரம் உறுப்பினர்களிடம் இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. சுமார் 59 விழுக்காட்டினர் அனுமதி கூடாது என்றார்கள். 'நேரடி ஜனநாயகம்' என்று பெருமை பேசிய கருவி கடைசியில் அமைச்சரைக் காப்பாற்றப் பயன்பட்டது. ஏழைகளுக்கென்று கொண்டுவந்த 'குடிமக்கள் வருமானம்' திட்டத்துக்கும் பத்து ஆண்டு குடியிருப்பு நிபந்தனை. ஏழை என்றால் யார் என்பதிலும் ஏணி.

அந்தக் கூட்டணி 14 மாதங்களில், 2019 ஆகஸ்டில் உடைந்தது. ஏணி உடையவில்லை. 2022இல் ஜோர்ஜா மெலோனி தலைமையில் இன்னும் கடுமையான வலதுசாரி அரசு வந்தது. சல்வீனி அதிலும் துணைப் பிரதமர். கடல் வழியை அடைப்போம் என்று முழங்கும் அந்த அரசு, 2023 முதல் 2025 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக ஒதுக்கிய அனுமதி எண்ணிக்கை சுமார் 4,52,000! ஆட்கள் வேண்டாம் என்றா சொல்கிறார்கள்? ஆட்கள் வேண்டும். உரிமை உள்ள ஆட்கள்தான் வேண்டாம். 2002ஆம் ஆண்டின் போஸ்ஸி-பீனி சட்டப்படி வேலை ஒப்பந்தம் இருந்தால்தான் குடியிருப்பு அனுமதி. முதலாளி கைவிட்டால் தொழிலாளி சட்டவிரோதியாகும் அபாயம். நடுவில் ஆள்பிடித்துக் கூலியில் பங்கு வாங்கும் கங்காணி. அவனை அங்கே 'காபொராலே' என்பார்கள்.

2024 ஜூனில் ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதி வயலில் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. அவரிடம் காகிதம் இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல், வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். துண்டான கை ஒரு பழப்பெட்டியில் கிடந்தது. இரண்டு நாளில் இறந்தார். வயலுக்கு வேண்டும், பந்திக்கு வேண்டாம் என்ற அரசியலின் முழு உருவம் அந்தப் பழப்பெட்டி.

இடதுசாரித் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜூனில் இத்தாலியில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. நான்கு கேள்விகள் தொழிலாளர் உரிமை பற்றியவை. ஐந்தாவது, குடியுரிமை கேட்பதற்கான பத்து ஆண்டு காத்திருப்பை ஐந்தாகக் குறைப்பது பற்றியது. சுமார் 30 விழுக்காட்டினரே வாக்களித்ததால் எதுவும் செல்லவில்லை. ஆனால் வந்து வாக்களித்தவர்களைப் பாருங்கள். தொழிலாளர் உரிமைக்கு அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஆம் என்றார்கள். குடியுரிமைக்கு ஆம் என்றவர்கள் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. ஒரே நாள், ஒரே சாவடி, அதே கை. வர்க்க ஒற்றுமை தானாக ஏணியை உடைத்துவிடும் என்று நம்மிடம் காலம் காலமாகச் சொல்கிறவர்கள் இந்த இடைவெளிக்கு விளக்கம் சொல்லட்டும்.

லோதிக்குத் திரும்புவோம். அங்கே பெற்றோர்கள் ஒடுங்கிப் போகவில்லை. ஒன்றுகூடினார்கள், வழக்குப் போட்டார்கள். நாடெங்கும் இருந்து முகம் தெரியாத இத்தாலியர்கள் பணம் அனுப்பிப் பிள்ளைகளை மறுபடி பந்தியில் உட்கார வைத்தார்கள். 2018 டிசம்பரில் மிலான் நீதிமன்றம் அந்த விதி பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஏணியில் ஒரு படியாவது உடைந்தது. உடைத்தவர்கள் அதன் அடியில் நின்றவர்களும், தன் படியை விட்டு இறங்கி வந்தவர்களும்.

தோழர்களே, இடதும் இல்லை வலதும் இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உங்கள் கல்லூரி வாசலுக்கு வருவார். ஊழலைப் பற்றி நன்றாகப் பேசுவார், மக்கள் மக்கள் என்பார். கை தட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பந்தியில் யார் யாருக்கு இலை போட்டிருக்கிறீர்கள்?